பாவாத்தாள் கறந்த பால்

ஜூன் 14, சனி

பால் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது, என்ன தீவனம் வைத்தது, எவ்வளவு கறந்தது என்றெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஆறு மாதமாகத் தவிட்டு மூட்டை மேல் கிடந்தது. மாட்டுச் சங்கதி எல்லாம் என் சம்சாரம் பாவாத்தாள் தலைக்குள்ளேயே இருந்ததால் டைரிக்கு வேலை இல்லை. போன மாதம் மார் வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்து மகளும் நேற்று திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். இப்போது வீட்டில் நானும் செவலை மாடும் அதன் கன்றும்தான்.

மாட்டைப் பற்றி மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் அரை லிட்டர். சாயங்காலம் அதுவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

செவலை சுரப்பு விட மாட்டேன் என்கிறது. மடி கல் மாதிரி இருக்கிறது. கன்றை ஊட்டவிட்டால் நாலு வாய் விடுகிறது. நான் போய் உட்கார்ந்ததும் பாலை மேலே எக்கிக்கொள்கிறது. பருத்திக்கொட்டை அரைத்து வைத்தேன், வெல்லம் கொடுத்தேன், தாடையைச் சொறிந்துவிட்டேன். கல்யாணமான புதிதில்கூட நான் யாரையும் இப்படித் தாஜா செய்ததில்லை. கிடாரியாக வந்த நாளிலிருந்து பாவாத்தாள் கை தவிர வேறு கை பட்டதில்லை அதற்கு. என்னுடையது தறி ஓட்டிய கை. மாட்டுக்கு ஆள் தெரிகிறது.

ஊசி போட்டால் விட்டுவிடும் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். அந்த ஊசியை அவள் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கமே சேர்த்ததில்லை. நானும் சேர்க்கப்போவதில்லை.

இருந்த பாலைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பால் சென்டருக்குப் போனேன். சென்டர் என்றால் நாச்சிமுத்து வீட்டு முன்னால் போட்ட தகரக் கொட்டகைதான். பாலில் எத்தனை டிகிரி சத்து என்று மெஷினில் வைத்துப் பார்த்து, எல்லோருடையதையும் பெரிய கேன்களில் ஒன்றாக ஊற்றி வைப்பார். கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும். என் போசியைப் பார்த்துவிட்டு, "காப்பிக்கு வெச்சுக்க வேண்டியதுதானுங்ணா" என்றார். கிண்டல் இல்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் கோபம் வந்தது.

வரிசையில் சாமியாத்தாள் நின்றாள். பாவாத்தாளின் கூடப் பிறந்த தங்கை, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன தை மாதம் இதே கொட்டகையில், சாமியாத்தாளின் பாலைவிடப் பாவாத்தாளின் பால் டிகிரி குறைவாக வந்தது. "எங்கக்கா தண்ணி ஊத்தறா, மெஷினு காட்டிக் குடுத்துருச்சு" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. சாவு வீட்டிலும் சாமியாத்தாள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

எத்திவிட்டது. முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. மாட்டு விஷயம்தான், எழுதலாம்.

கட்டுத்தரை உத்தரத்தில் பாவாத்தாள் கறவைக்கு என்றே கட்டிக்கொள்ளும் நீலச் சேலை ஒன்று தொங்குகிறது. சாணியும் பாலும் வியர்வையும் ஏறி ஊறிப்போன சேலை. அதை எடுத்து மூட்டை கட்டலாம் என்று கையில் எடுத்தேன். செவலை கழுத்தை நீட்டி அதை நக்க ஆரம்பித்தது. நக்கிக்கொண்டே "ம்" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். இந்த ஒரு மாதத்தில் அது வாயைத் திறந்தது இன்றைக்குத்தான்.

வெளியே இருட்டு இன்னும் கலையவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை. வேட்டிமேலேயே சேலையைச் சுற்றினேன். கொசுவம் வைக்கத் தெரியாமல் ஒரு பக்கம் கயிறு மாதிரி திரண்டு நின்றது. முந்தானையைத் தலைக்குப் போட்டு, கையையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் கை வைத்ததும் காம்பு விறைத்தது. பால் தானாக இறங்கியது. போசி நுரைத்து மேலே வந்தது. நான் அழுதேன். முழங்கால் வலி.

காலையில் ஐந்தரை லிட்டர். இது மாட்டுக்காகச் செய்தது.

ஜூன் 26, வியாழன்

ஏழு லிட்டருக்கு வந்துவிட்டது. சேலை கட்டும் வாகும் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு, புறவாசல் வழியாகப் போய்க் கறந்து, அங்கேயே அவிழ்த்து உத்தரத்தில் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் வெளிச்சமாக இருப்பதால் கட்டுத்தரைக்குப் படுதா கட்டியிருக்கிறேன். கேட்டவர்களிடம் காற்றுக்கு என்றேன். ஆனி மாதக் காற்று சும்மா சொல்லக்கூடாது, தகரத்தைப் பிய்க்கிறது.

மகள் போனில் அம்மா சேலைகளைத் துவைத்து எடுத்து வை என்றாள். மற்றதை எல்லாம் துவைத்துவிட்டேன். நீலத்தைத் துவைக்கவில்லை. மாட்டுக்கு வாசம் போய்விடும்.

ஜூலை 2, புதன்

வாய்க்காலில் தண்ணீர் கட்ட விடியற்காலையில் போகிற முத்துக்கண்ணு, சென்டரில் எல்லோரையும் சுற்றி நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கூட்டம் வாயை மூடியது. அவனுக்கு மட்டும் மூட முடியவில்லை.

"சென்னியண்ணா, தப்பா நெனைக்காதீங்கொ. உங்க கட்டுத்தரைல ஒரு பொம்பள குத்தவெச்சுக் கறந்துட்டு இருக்குதுங்ணா. நீலச் சேலை. எனக்குத் தெரியாதுங்களா? நம்ம பாவாத்தாக்காளே தானுங்."

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடேய் அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் கேட்டது வேறு.

"எப்படி இருந்தா?"

"கொஞ்சம் எளச்சாப்பல இருந்துதுங்ணா. ஆனா தெளிவா இருந்துதுங்."

தெளிவாக இருந்தாள் என்றான். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். சேலை கட்டிய ஆம்பளை என்று ஊர் சிரிக்கும் என்பதால்தான் உண்மையைச் சொல்லவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

நாச்சிமுத்துவின் சம்சாரம் ரங்காத்தாளும் பாவாத்தாளைப் பார்த்தாளாம். கிணற்று மேட்டில், இருட்டுக் கட்டும் நேரத்தில், குடம் இல்லாமல் சும்மா நின்றாளாம். அவர்கள் வீட்டுக்குப் போய், கூப்பிடாமலே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்தப் பக்கம் பார்த்து நின்றாள்? தலை முடிந்திருந்தாளா? ரங்காத்தாள் பயந்துகொண்டே சொன்னாள். "உங்க ஊட்டப் பாத்துத்தான் நின்னுச்சுங்."

கிணற்று மேட்டுக்கு நான் சேலையோடு போனதில்லை. ரங்காத்தாளுக்கு நிழல் ஏதாவது தட்டுப்பட்டிருக்கும். இருந்தாலும் திரும்பும்போது அந்த வழியாக வந்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். வேலை ஒன்றும் இல்லை, அதனால் நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சோளத்தட்டு அறுத்தது இரண்டு கட்டு. கன்றுக்குப் பூச்சி மருந்து. வடக்காலத் தோட்டத்து இரண்டு வீட்டுக்காரர்கள் சென்டருக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். கம்பெனி வண்டி பஞ்சராகி, வெயில் ஏறித்தான் வந்தது. அதற்குள் ஒரு கேன் பால் திரிந்துவிட்டது. வெயிலில் கிடந்தால் திரியும். யாருக்குத் தெரியாது? ஆனால் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் வெயில் இல்லை.

ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டாள். "பேயி கறந்த பாலுங். அவங்கவங்க பாலு அவங்கவங்க போசில இருந்தா எங்களுக்கென்ன? ஒரே கேன்ல ஊத்துன பொறவு எது உங்க பாலு, எது எங்க பாலு? எங்க புள்ளைங்க குடிச்ச மிச்சத்தத்தானுங்க ஊத்தறோம். அதுல பேயி பாலு கலந்தா எங்க புள்ளைங்களுக்குத்தானுங்க தோசம்."

அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. கேனுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்.

பைக்கில் வரும் பழைய பால்காரர் பரமசிவத்துக்குக் கொண்டாட்டம். அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, அதனால் வரும் பாலை வேண்டாம் என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? இருபது வருஷம் இந்த ஊர்ப் பாலை அவர் படியால் அளந்து, அவர் வாயால் விலை சொல்லி வாங்கினவர். மெஷினும் கிடையாது, டிகிரியும் கிடையாது. மழை பெய்தால் அந்த நாள் வரவே மாட்டார். பால் தரையில் போகும்.

அதைப் பொறுக்காமல் வீடு வீடாக ஏறி இறங்கினவள் பாவாத்தாள்தான். எல்லாப் பாலும் சேர்ந்து நூற்றைம்பது லிட்டர் ஆனால் வண்டி மெயின் ரோட்டை விட்டு உள்ளே வரும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒற்றை மாடு வைத்திருப்பவள், எருமை வைத்திருப்பவள், யாரையும் விடவில்லை. முதல் நாள் வண்டி வந்தபோது டிரைவருக்கு மோர் கொடுத்தாள். ராத்திரி சோறு போடும்போது, "கரட்டுப்புதூர்ப் பாலக் கோயமுத்தூர்க்காரன் காப்பி போட்டுக் குடிக்கறான், தெரியுமா?" என்றாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று சேர்ந்தது நூற்றுப் பத்து.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

 

விடியற்காலையில் கறந்துகொண்டிருந்தேன். தலைக்கு முந்தானை, நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக் கொடுத்திருந்தேன். பின்னால் முள்வேலிப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம். யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

"அக்கா."

சாமியாத்தாள் குரல். என் கை காம்பிலேயே நின்றுவிட்டது.

"நாந்தான் சாமியா. திரும்பாத அக்கா. திரும்புனீன்னா எனக்கு உசுரு நிக்காது. சொல்லிப்போட்டுப் போயர்றேன். அன்னிக்கு நீ தண்ணி ஊத்துலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். எம்பட பாலு நல்லா வந்துருச்சுன்னு ஒரு திமிரு. அதுக்கப்பறம் எத்தன நாளு உன்ற வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன் தெரியுமா? நாளைக்குப் பேசிக்கலாம், நாளைக்குப் பேசிக்கலாம்னே இருந்துட்டேன். நீ இப்படிப் போவீன்னு எனக்கென்ன தெரியும்? சோறு எறங்க மாட்டீங்குது. கண்ண மூடுனா அந்தக் கொட்டாய்ல நீ நின்ன நெலைதான் வருது. கோவமில்லைன்னா ஒருக்கா கைய உசத்திக் காட்டு. பேசக்கூட வேண்டாம்."

பேசினால் ஆண் குரல். எழுந்தால் ஆண் உயரம். ஓடவும் முடியாது. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னிக்க நான் யார்? அன்று சென்டரிலிருந்து வந்த பாவாத்தாள் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதது எனக்குத் தெரியும். தங்கை வீட்டுப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று சொன்னதும் தெரியும். உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்குக் கையை உயர்த்தியிருப்பாளா? சத்தியமாகத் தெரியாது.

வேலிக்கு அப்பால் அந்தப் பெண் விக்கிக்கொண்டிருந்தாள். முந்தானை மூடிய கையை உயர்த்தினேன்.

கும்பிடும் சத்தம், அழுகை, பிறகு ஓடும் காலடி. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மீதிப் பாலைக் கன்று குடித்தது. சென்டருக்குப் போகவில்லை. அமராவதி ஆற்றுக்குப் போய் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய நாள். அதற்கும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

ஜூலை 25, வெள்ளி

சாமியாத்தாள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு சென்டருக்கு வந்தாள். நேற்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாளாம், அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். தன் பாலை நாச்சிமுத்துவிடம் நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கக்கா கறந்த பாலு கூடக் கலந்தா எனக்கொண்ணுமில்ல. ஊத்துங்கொ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சாப்டீங்களா மச்சான்?" என்று கேட்டாள்.

தைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசுகிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

எண்பது லிட்டர். கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனுஷன்தான், சுற்றி வளைக்கவில்லை. டீசல் கட்டுபடியாகவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் பால் பழையபடி சேராவிட்டால் திங்கள் முதல் வண்டி உள்ளே வராது என்றார். ஒருமுறை வழியை மாற்றிவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டமாம். நாச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 30, புதன்

என் பாலை நிறுத்திக்கொள்கிறேன், நீங்கள் எல்லோரும் ஊற்றுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். பாவாத்தாள் ஏறி இறங்கிய அதே படிகள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பலிக்கவில்லை. எழுபத்தைந்து. "உங்க கட்டுத்தரைக்கு மட்டுமாங்க வருது? கெணத்து மேட்டுக்கு வருது. நாளைக்கு எங்க கட்டுத்தரைக்கு வராதா?" என்கிறாள் ரங்காத்தாள். சென்டர் நடத்துகிறவர் வீட்டிலேயே இந்த நிலைமை.

செவலையின் பாலை என்ன செய்வது என்று தெரியாமல் உறை ஊற்றி வைத்திருக்கிறேன். வீடெல்லாம் தயிர் வாசம்.

ஆகஸ்ட் 2, சனி

உண்மையைச் சொன்னால் வண்டி ஊருக்குள் வரும், பாவாத்தாள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் கொண்டுவந்த வண்டி போய்விடும். அதோடு ஊரும் என்னைக் கேட்காமலேயே அவளைப் பேய் என்று முடிவு கட்டிவிடும். இன்றைக்கு வரைக்கும் தெளிவாக இருந்தாள் என்கிறார்கள். அடுத்த மாதம் கோரைப்பல் முளைக்கும்.

சாமியாத்தாளை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

நோம்பி நாள் என்பதால் சென்டரில் நல்ல கூட்டம். பால் ஊற்றாதவர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பையிலிருந்து நீலச் சேலையை எடுத்தேன். ஒன்றும் பேசாமல் வேட்டிமேல் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தலைக்குப் போட்டு, கேன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். மாடு இல்லாமலே கறந்து காட்டினேன்.

"முத்துக்கண்ணு, நீ பாத்தது இதானப்பா? பாத்துச் சொல்லு" என்றேன். "மாடு எனக்குச் சொரப்பு உடுல. அவ சேலைக்குத்தான் உட்டுது. அவ்வளவுதான் சங்கதி."

முத்துக்கண்ணு கிட்ட வந்து குனிந்து பார்த்தான். பிறகு, "ஏனுங்ணா, அப்ப நான் இத்தன நாளா வாய்க்காக் கரைல நின்னு கும்பிட்டது உங்களையா?" என்றான். கொட்டகையே அதிர்ந்தது. மெஷின்மேல் கை வைத்துக்கொண்டு நாச்சிமுத்து சிரித்தார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கொசுவம் தனக்கே இவ்வளவு சீராக வருவதில்லை என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன்.

ரங்காத்தாள் மட்டும் விடவில்லை. "அப்பக் கெணத்து மேட்டுல நான் பாத்தது?"

நான் அங்கே போனதில்லை. ஆனால் அங்கே ஒருத்தியை நிற்கவிட்டால் வண்டி வராது.

"அதுவும் நாந்தான் அம்மிணி."

யார் யார் எங்கெங்கே பார்த்தேன் என்றார்களோ, அங்கெல்லாம் நான்தான் என்று சொன்னேன். ஒவ்வோர் இடமாக அவளை அங்கிருந்து எடுத்தேன். சாவன்று நான்கு பேர் தூக்கினார்கள், இன்று நான் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போனேன். சிரிப்பு அடங்கியதும் வடக்காலத் தோட்டத்துக்காரர் முதல் ஆளாகப் போசியை எடுக்க வீட்டுக்குப் போனார்.

கூட்டத்தில் சாமியாத்தாள் சிரிக்காமல் நின்றதை அப்போதே பார்த்துவிட்டேன். திரும்பி நடந்தபோது பின்னாலேயே வந்தாள். புளியமரம் தாண்டியதும்தான் குரல் வந்தது.

"எல்லா நாளுமே நீங்கதானுங்களா மச்சான்?"

"ஆமா அம்மிணி."

"அமாவாசை அன்னிக்குமா?"

கையில் சேலைப் பை கனத்தது. நான் நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னேன். "அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? வெடியறதுக்கு முன்னாலயே அமராவதிக்குப் போயிட்டேன். பாலு கூடக் கறக்குல. நாச்சிமுத்துவக் கேட்டுப்பாரு, அன்னிக்கு நான் பாலே ஊத்துல."

அவள் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். முகம் கழுவி விட்டது போல் இருந்தது.

"எனக்குத் தெரியும்ங் மச்சான். இவங்க எல்லாஞ் சிரிக்கறப்பக் கூட எனக்குத் தெரியும். நான் பேசி முடிச்சதும் கைய உசத்துனா. அப்ப வளவிச் சத்தம் கேட்டுதுங்களே. கல்லு கல்லுன்னு. அது எங்கக்கா வளவி. எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்படியா?" என்றேன். 

நான் வளையல் போட்டிருக்கவில்லை. மாட்டுக் கழுத்தில் மணியும் கிடையாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

வண்டி வந்தது. நூற்று அறுபதுக்கு மேல் என்றார் நாச்சிமுத்து. என் பால் ஏழேகால்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றாலும் விடியுமுன்பே எழுந்து சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கறந்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வாய்க்கால் பக்கம் யாரும் இல்லை. வேலிப் பக்கமும் யாரும் இல்லை. அன்று உயர்த்தியது போலவே வலது கையை உயர்த்தினேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு லேசாக ஆட்டிப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.